ஆக்சிஜன் அறையில் இடமில்லை

"ஏனுங்க பாய், ஒரு மனுசன் காலை வாங்கிப்புட்டு எந்த மூஞ்சியோட மலையேறி வந்தீங்க?"

ஊர் இளவட்டம் சந்தோஷ்குமார் கேட்டதும் கூட்டம் ஆமாம் போட்டது.

அப்துல் கரீம் தலைகுனிந்து நின்றார். அடிவாரத்தில் கடை வைத்திருக்கும் வியாபாரி. மலைமேல் இந்தக் குண்டூர் நாட்டு ஊர்களில் விளையும் குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளியையும் மிளகையும் இருபது வருஷமாக அவருடைய லாரிதான் கீழே இறக்குகிறது. போன வாரம் அந்த லாரி சேற்றில் பின்னால் சறுக்கி, மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த சென்றாயனின் வலது காலை நசுக்கிவிட்டது.

"லாரி என்னுதுங்க. தப்பும் என்னுதுதான்," என்றார் கரீம். "ஆனா ஒரு நிமிஷம் தாமதிக்கலீங்க. அன்னைக்கே டவுன் ஆஸ்பத்திரியில சேர்த்துட்டேன்."

"டாக்டரு என்ன சொன்னாரு? அதைச் சொல்லுங்க."

"நசுங்கின சதைக்கு ரத்தம் போகலை, ஆக்சிஜனை அழுத்தி அடைக்கிற அறை ஒண்ணு இருக்கு, தினமும் ஒண்ணரை மணி நேரம் அதுக்குள்ள வெச்சா கால் பிழைச்சுக்கும்னாரு. நாள் தள்ளினா பிரயோசனமில்லைன்னும் சொன்னாரு."

"நாலு நாள் தள்ளிட்டீங்களே! அஞ்சாம் நாளு கணுக்காலோட எடுத்தாச்சே!"

மிளகு பறிக்க மரம் ஏறுகிறவனுக்குக் கால் போனால் வேறென்ன மிச்சம்? கூட்டத்தின் கோபத்தில் நியாயம் இருந்தது. அதைக் கொட்டத்தான் ஆள் வேண்டியிருந்தது. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். இங்கே வெளியூர் பாய் அகப்பட்டார்.

"இடம் கிடைக்கலீங்க. ஒரு நாளைக்கு மூணு பேருக்குத்தான் அந்த அறை. மூணு பேரும் முன்னாடியே பதிஞ்சவங்க. யாராச்சும் ஒருத்தர் விட்டுக்கொடுத்தா சென்றாயனை வெச்சுடலாம்னு நர்ஸ் சொன்னாங்க."

"நீங்க போய்க் கேட்டீங்களா?"

கரீம் வாயைத் திறந்தார். ஓரமாக நின்ற சென்றாயனின் மனைவி அத்தாயி, வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"கேக்கலை! கேக்க மனசு வரலை!" சந்தோஷ்குமார் கத்தினான். "அவரு மகனா இருந்தா கால்ல விழுந்தாவது கேட்டிருப்பாரு."

ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் முருகானந்தம் தொண்டையைச் செருமினார்.

"சரி சரி, துருவிக்கிட்டே இருந்தா போன கால் வந்துருமா? இனிமே பாய் லாரி இந்த மலை ஏறக் கூடாது. அவ்வளவுதான். எல்லாரும் கலைங்க."

கரீம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தார். இருபது வருஷப் பழக்கம் இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துபோனது.

அத்தாயிக்குப் பொறுக்கவில்லை. முன்னால் வந்து கவுண்டரைக் கும்பிட்டாள்.

"பாயை ஒண்ணும் சொல்லாதீங்க சாமி. அவரு கேக்கத்தானுங்க வந்தாரு. நாந்தான் கையைப் புடிச்சு நிறுத்திப்புட்டேன். கோயில் தீர்த்தத்தையே உங்களுக்கு முந்தி நாங்க கைநீட்டி வாங்குனதில்லீங்க. வெளிய வாரப்பவெல்லாம் காலு எப்படியிருக்குன்னு நீங்களும் விசாரிச்சீங்க. உடம்பு அசதி தீர நாலு நாளும் நீங்க அந்த ஆக்சிஜன் அறைக்குள்ள உக்காந்திருக்கையில, எந்திரிச்சு எங்கூட்டுக்காரருக்கு இடங்கொடுங்கன்னு எப்படிங்க கேக்குறது?"