சைபரில் கட்டிய ஆடு

அவள் அளவு நாடாவின் நுனியை முளைமேல் வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள்.

இரும்பு முளை. அகழாய்வுக் குழியின் தென்மேற்கு மூலையில் அறைந்தது. மூன்று வாரமாக அவள் அதைத் தாண்டித் தாண்டித்தான் மண் சுமக்கிறாள். அதில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

இன்று நாடா பிடிக்கிறவள் வரவில்லை. அந்த வேலை இவளுக்கு வந்தது. வந்த இடத்தில் சும்மா இருந்தால் அவள் அவளே இல்லை. ஏன், எப்படி என்று கேட்டுக் கேட்டே கொத்தனார்களிடம் திட்டு வாங்கிய பழைய சித்தாள்.

மறுமுனையில் ஆய்வு மாணவி அமலி எண்களைக் குறித்துக்கொண்டாள். கிழக்கே எவ்வளவு. அப்புறம் வடக்கே எவ்வளவு.

"ஏன் மேடம், எதைக் கண்டாலும் இங்கிட்டு இருந்தேதான் அளக்கணுமா?"

அமலி அன்று உற்சாகமாக இருந்தாள். நோட்டைத் திருப்பிக் காட்டினாள். கட்டம் போட்ட தாள். அடியில் ஒரு தடித்த கோடு, கிழக்கே போவது. இடப்பக்கம் இன்னொன்று, வடக்கே போவது. இரண்டும் சேரும் மூலையில் ஒரு சின்ன வட்டம்.

"எல்லாத்துக்கும் ரெண்டு நம்பர் இருக்குக்கா. இந்த முளைக்கு மட்டும் சைபர், சைபர். இங்கிருந்துதான் எல்லாமே தொடங்குது."

அவளுக்கு அது பிடித்துப்போனது. காலடியில் கிடக்கும் ஓட்டுச் சில்லுக்குக்கூட இரண்டு எண். அந்த எண்ணைச் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு போய்க் கையை வைத்துவிடலாம்.

தாளில் ஆறு புள்ளிகள் இருந்தன. எந்தக் காலத்திலோ யாரோ வீடு கட்டக் கம்பம் நட்ட குழிகள். கம்பம் மக்கிப்போய்விடும். அது நின்ற இடத்தில் மண் மட்டும் நிறம் மாறிப் பொதபொதவென்று கிடக்கும். முதலில் கண்ட மூன்று புள்ளிகள் ஒரு வரிசை. பிறகு கண்ட மூன்றும் கொஞ்சம் மேற்கே தள்ளி, தனி வரிசை.

"ஒரு வீடு இல்லக்கா, ரெண்டு வீடு. நாளைக்கு டைரக்டர் வர்றாரு. நான் கண்டுபிடிச்ச முதல் விஷயம்," என்றாள் அமலி. முகம் பூரித்திருந்தது.

நாடா பிடித்திருந்தவள் குனிந்து முளையைப் பார்த்தாள்.

முதல் மூன்று குழிகளுக்கும் அடுத்த மூன்றுக்கும் நடுவில் ஒரு நாள் இருந்தது. அன்று தன் ஆட்டையும் கூட ஓட்டி வந்திருந்தாள். நிறைசினை, வீட்டில் விட மனசில்லை. சாப்பாட்டு நேரத்தில் கயிறு கட்ட இந்த முளைதான் வாகாக இருந்தது. அவள் ஊரில் முளை என்றால் ஆடு மாடு கட்டத்தான்.

ஆடு ஒரே இழுப்பில் அதைப் பிடுங்கிவிட்டது.

அவள் கல்லால் அறைந்து திரும்ப நட்டாள். பழைய ஓட்டையில் அல்ல, பக்கத்தில்.

அமலி தேநீர் குடிக்கப் போனாள்.

முதல் மூன்று குழிகளை மழைக்குப் பயந்து மணல் நிரப்பி, மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அவள் தார்ப்பாயைத் தூக்கினாள். கொத்தனார் பிடிப்பதுபோல ஒரு நூலை எடுத்து, முதல் குழியிலிருந்து ஆறாவது குழிவரை இழுத்துக் கட்டினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

நேர். ஆறும் நேர்.

இருந்தது ஒரே வீடு. ஆடு பாகம் பிரித்துவிட்டது.

சொன்னால் வேலை போகும். அந்தப் பெண்ணின் பூரிப்பும் போகும். சொல்லாவிட்டால் இரண்டு வீடு என்று அச்சில் ஏறி, பள்ளிக்கூடப் பிள்ளைகள்வரை அதைத்தான் படிப்பார்கள்.

பயத்துக்கு நடுவிலும் புத்தி சும்மா இருக்கவில்லை. கடைசி மூன்றும் தப்பு. ஆனால் மூன்றும் ஒரே அளவு தப்பு. முளை எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு. பழைய சைபர் எங்கே என்று தெரிந்தால் போதும், மூன்றும் வரிசைக்கு வந்துவிடும்.

இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அந்த நேரத்திலும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மண்டியிட்டு, முளையைச் சுற்றி மேல்மண்ணைச் சுரண்டினாள். ஒரு சாண் மேற்கே, ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம். நிறம் மாறிய மண். விரல் வைத்தால் உள்ளே போனது.

அமலி டம்ளரோடு திரும்பி வந்தாள்.

"மேடம், இங்க ஒண்ணு இருக்கு."

அமலி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்து குனிந்தாள். தூரிகையால் மெல்ல ஒதுக்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏதோ கம்பு நட்ட குழிதான். ரொம்பச் சின்னது. எத்தனை வருஷம் இருக்கும்க்கா?"

அவள் நாடாவின் நுனியை முளையிலிருந்து எடுத்தாள். அந்த வட்டத்தின் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"பதினோரு நாளு," என்றாள்.