நடுக்கம்பி இல்லாத பெஞ்ச்

காவலாளி விசிலை வாயில் வைத்துவிட்டார். மேடம் பாய்ந்து போய் அதைப் பிடுங்கினார்.

பூங்காவின் பின்மதிலை ஒட்டிய பெஞ்சில் ஒரு பெண் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கைப்பை தலைக்கு, ஒரு கை நெற்றிமேல், வாய் லேசாகத் திறந்து, அசல் தூக்கம். செருப்பு ஒன்று பெஞ்சுக்கடியில், இன்னொன்று புல்லில். கொஞ்சம் குறட்டை வேறு.

நல்ல மத்தியானம். திறப்பு விழாவுக்கு ஆணையர் வரும் நேரம். நாடா கட்டியாகிவிட்டது. மைக் செட்காரர் 'ஹலோ, ஹலோ' சொல்ல வாயெடுத்துவிட்டார்.

"பெரிய ஆபீசர் வர்ற நேரம், மேடம். ஒரு தட்டு தட்டினா எந்திரிச்சிருவாங்க," என்றார் காவலாளி.

"தொட்டீங்க, தொலைச்சிருவேன்."

கிசுகிசுப்பாகத்தான் சொன்னார். ஆனாலும் காவலாளி தானாகப் பின்வாங்கினார்.

நகரத்தின் பொது இடங்களில் பெண்கள் பயமில்லாமல் நடமாட மாநகராட்சி தொடங்கிய திட்டத்துக்கு மேடம்தான் மேலாளர். நான் அதில் விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர்.

ஆபீசில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ரம்பம். கூட்டம் போட்டால் சாப்பாட்டு நேரம் தாண்டியும் அறுப்பார். அதோடு, கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டச் சொல்வார்.

இந்த மூலையில் ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்த புதரை முழங்கால் உயரத்துக்கு வெட்ட வைத்தவர் அவர்தான். அதற்கு முன்பெல்லாம் இந்த இடம் வந்தால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு நடையை எட்டிப் போடுவார்கள். நான் ஆசையாக நட்ட விளக்குக் கம்பங்களையும் பிடுங்கித் திரும்ப நட வைத்தார். வெளிச்சம் தரையில் விழுந்து என்ன பிரயோஜனம், எதிரே வருகிறவன் முகத்தில் அல்லவா விழ வேண்டும் என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

பெஞ்ச் விவகாரத்தில்தான் பெரிய ரகளை. யாரும் படுத்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு பெஞ்சின் நடுவிலும் ஓர் இரும்புக் கம்பி வைத்திருந்தார்கள். அதை அறுத்தெடுக்கச் சொன்னார் மேடம். பூங்காவை லாட்ஜ் ஆக்கப் பார்க்கிறார் என்று பூங்காத் துறையே கொதித்தது.

கூட்டத்தில் ஆணையர் நேரடியாகவே கேட்டார். கேமராவா, விளக்கா, குறைந்துபோன புகார்களா, எதை வைத்து இந்தத் திட்டம் ஜெயித்தது என்று சொல்வீர்கள்?

"ஆம்பளைங்க எல்லாப் பூங்காவுலயும் காலை நீட்டித் தூங்குறாங்க சார். தனியா வந்த ஒரு பொம்பள அப்படித் தூங்கட்டும். அன்னிக்கு ஜெயிச்சிட்டோம்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆணையர் சிரிக்கவில்லை. இந்த ஒரு பூங்காவை முடியுங்கள், நேரில் வந்து பார்த்துவிட்டு மற்றதைத் தொடர்வதா இழுத்து மூடுவதா என்று சொல்கிறேன் என்று எழுந்துவிட்டார்.

ஊரில் எத்தனையோ பூங்கா இருக்க, பாழடைந்து கிடந்த இதை ஏன் முதலில் எடுத்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். எங்கேயாவது ஆரம்பிக்கணும்ல என்று பேச்சை மாற்றிவிட்டார்.

இப்போது அதே மேடம் மைக் வயரைத் தன் கையால் பிடுங்கினார். வாசலுக்கு ஓடி, ஆணையரின் காரை அங்கேயே நிறுத்தி இறக்கினார். உதட்டில் விரலை வைத்தபடி அவரை அழைத்து வந்தார். அவ்வளவு பெரிய மனிதர் ஷூ சத்தம் கேட்காமல் பூனை மாதிரி நடந்ததைப் பார்க்கக் கண்கோடி வேண்டும்.

பெஞ்சைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"யாரு இவங்க?"

"தெரியல சார். பொதுஜனம்."

ஆணையர் அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் நாடாவை வெட்டினார். நாங்கள் உள்ளங்கை படாமல் கைதட்டினோம். பேச்சு கிடையாது, மாலை மரியாதை கிடையாது. அடுத்த பூங்காவை உடனே ஆரம்பியுங்கள் என்று மேடத்தின் காதோரம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

எத்தனை பேர் கேலி செய்தும் ஒற்றை ஆளாக நின்று சாதித்துவிட்டாரே! இனி யாராவது ரம்பம் என்று சொன்னால் அவனை நானே அறுத்துவிடுவேன்.

எல்லோரும் போன பிறகும் மேடம் பெஞ்சை விட்டு நகரவில்லை. குனிந்து, சிதறிக் கிடந்த செருப்புகளை ஒன்றாகச் சேர்த்து வைத்தார். அந்தப் பெண்ணின் கையிலிருந்து நழுவிய சாவிக்கொத்து புல்லில் கிடந்தது. அதை எடுத்து, துடைத்து, தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

முன்பின் தெரியாதவரின் சாவி இவருக்கு எதற்கு?

கேட்பதற்குள் போனை எடுத்துவிட்டார்.

"அம்மா, அக்கா தூங்குறாம்மா. விழா பாக்கத் தனியா வந்திருக்கா. வந்தவ அப்படியே தூங்கிட்டா. அன்னிக்கு நடந்ததுக்கப்புறம் மூணு தாழ்ப்பாள் போட்டும் கண்ணை மூடாதவ... இல்லம்மா, எழுப்பல. எழுப்ப விடமாட்டேன்."

அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். மேடம் மதிலைப் பார்த்தார், முழங்கால் உயரத்துக்கு நின்ற புதரைப் பார்த்தார்.

"ஆமாம்மா," என்றார். "அதே பூங்காவுலதான்."