நூற்று இருபத்தெட்டாவது ஒலி

நூற்று இருபத்தேழு ஒலிகள் முடிந்துவிட்டன. கடைசி இடம் மட்டும் மீதி.

அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பயமில்லை. ஆசை.

சின்தசைசர் என்ற மின்னிசைக் கருவியின் முன்னால் ரைனர் உட்கார்ந்திருந்தார். அதைச் செய்த முதலாளி. வடக்கே அவர் வேலை பார்த்த பழைய கம்பெனி மூடப்பட்டபோது, ஒரேயொரு சர்க்யூட் பலகையோடு இந்த ரைன் நதிக்கரை ஊருக்கு வந்தவர். நான்கு வருடம் அதையே கட்டிக்கொண்டு அழுதவர்.

நாலு மணிக்குப் பட்டியல் மூடப்படும். பிறகு எல்லாம் சிப்பில் பதிந்துவிடும். எந்த நாட்டுக்குப் போகும் கருவியிலும் அதே நூற்று இருபத்தெட்டு ஒலிகள்தான்.

மணி மூன்று ஐம்பது.

கடைசி இடத்துக்கு யார் வேண்டுமானாலும் ஒலி கொடுக்கலாம் என்று சுவரில் சீட்டு ஒட்டியிருந்தார்கள். ‘யார் வேண்டுமானாலும்’ என்பதில் பலகைகளில் ஈயம் பற்றவைக்கிற தன்னைப் போன்றவளும் அடக்கம் என்று அவள்தான் கண்டுபிடித்தாள்.

மூன்று வாரம். சாப்பாட்டு இடைவேளை முழுவதும், காதில் ஹெட்ஃபோன், ஒரு கையில் ரொட்டி.

ஒலியலைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினாள். விசையை அழுத்திப் பிடித்தால் ஒன்று மெல்ல இன்னொன்றாக மாறும். அந்தக் கருவி பிறந்ததே அதற்குத்தான்.

போட்டிக்கு ஒரு ட்ரம்பெட் ஒலி இருந்தது. ஓர் எஞ்சினியர் செய்தது. தொட்டதும் கத்தும்.

ரைனர் அவளுடைய ஒலியைத் தட்டினார்.

ம்ம்ம். வெறும் ஃபிரிட்ஜ் முனகல்.

விரலை எடுத்தார். இன்னொரு விசையைத் தட்டினார். எடுத்தார். காலையிலிருந்து ஒவ்வொரு ஒலிக்கும் இரண்டே விநாடிதான் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆக்கப் பொறுத்த மனிதருக்கு ஆறப் பொறுக்கவில்லை.

அவளுடையதற்கு எட்டு விநாடி வேண்டும்.

அதைச் சொல்ல ஒரு ஜெர்மன் வாக்கியத்தைக் காலையிலேயே தயாராக வைத்திருந்தாள். இப்போது அது போன இடம் தெரியவில்லை.

ரைனர் உதட்டைப் பிதுக்கினார். எஞ்சினியரைப் பார்த்துத் தலையாட்டப் போனார்.

அங்கே வேலை பார்த்த இரண்டு வருடத்தில் அவரிடம் காலை வணக்கத்துக்கு மேல் அவள் பேசியதில்லை.

அவருடைய கையைப் பிடித்தாள். விசைமேல் வைத்தாள். அவர் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள்.

“எடுக்காதேங்கோ. கொஞ்சம் பொறுங்கோ.”

யாழ்ப்பாணத் தமிழ். அந்த அறையில் யாருக்கும் புரியாது. விரலுக்குப் புரிந்தது.

மூன்று. நான்கு. முனகல்தான். எஞ்சினியர் சிரித்தார்.

ஐந்து. அடியில் ஏதோ அசைந்தது.

ஆறு.

ஏழு.

பால் பொங்குகிற மாதிரி வந்தது. அதுவரை ஒன்றுமே நடக்காததுபோல் இருந்துவிட்டு, ஒரே மூச்சில் விளிம்புக்கு ஏறியது. முனகல் பிளந்து பல குரல்களாயிற்று. ஒவ்வொரு குரலும் வேறு பக்கம் திரும்பியது. மேசைமேல் கிடந்த திருகாணிகள் நடுங்கின.

அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. சந்தோஷம் தாங்க முடியவில்லை.

பற்றவைக்கும் மேசைகளிலிருந்து பெண்கள் எழுந்து வந்தார்கள். ஒருத்தி கையுறையைக்கூடக் கழற்றவில்லை. எஞ்சினியர் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முதலாளியின் விரலைப் போட்டு நசுக்கிக்கொண்டிருக்கிறாள்.

முகம் சுட்டது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள்.

ஒலி நிற்கவில்லை.

குனிந்து பார்த்தாள். ரைனரின் விரல் விசைமேல்தான் இருந்தது.