பஞ்சு சேர்த்த மண்

களையெடுக்கும் பவர் வீடரின் ஏர் ஃபில்டருக்குள் ஒரு பஞ்சு இருந்தது. இஞ்சினுக்குள் தூசி போகாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. பிடித்த தூசியை விட்டுவிட அதற்கு மனசு வராது.

"மூச்சு முட்டுதுப்பா, கொஞ்சம் உதறேன்," என்றது இஞ்சின்.

"எதை உதற? இது நாம முதல்ல இறங்கின கத்திரிப் பாத்திச் செம்மண். இது மேட்டுத் தோட்டத்துக் கரிசல். அப்பல்லாம் உன் சத்தம் எப்படிக் கணீர்னு இருக்கும்."

இஞ்சின் திணறி இருமியது. பாத்தி நடுவில் நின்றுவிட்டது.

வீடரை ஓட்டிய விவசாயி சடையப்பன் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்து, பஞ்சைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் பிழிந்தார். வாளிக்குள் எது செம்மண், எது கரிசல் என்று பஞ்சுக்கே தெரியவில்லை. அழுகையாக வந்தது.

காயவைத்து மாட்டியதும் ஒரே இழுப்பில் இஞ்சின் கிளம்பியது. அதே கணீர்ச் சத்தம். பஞ்சு சொக்கிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தபோது, வெண்டைப் பாத்தியிலிருந்து ஒரு தூசி வந்து ஒட்டியது.

"இதை மட்டும் வச்சுக்கட்டுமா?" என்றது பஞ்சு.