கிருத்திகைக் கருவாடு

மலைக்குப் போய் சாமி கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு கேட்டைத் திறந்த ஹேமாவதியின் மூக்கில் கருவாட்டு வாசம் ஏறியது. அதுவும் கிருத்திகை அன்றைக்கு.

திருத்தணி மலையடிவாரத்தில் அவள் வீடு. மாடியில் அவள் குடும்பம், கீழே பத்து போர்ஷன். பத்திலும் வயசுப் பிள்ளைகள். கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுறவங்க பாதி, சென்னை ரயிலுக்கு ஓடுறவங்க மீதி. சுவரெல்லாம் அவ்வளவு நெருக்கம். பக்கத்து வீட்டு குக்கர் விசிலை எண்ணித் தன் அடுப்பை அணைத்துவிட்டு, அரை வேக்காட்டுச் சோறு தின்றவர்கள் அங்கே நிறையப் பேர்.

அப்படிப்பட்ட இடத்தில் வாசம் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று அந்த பிரம்மாவாலும் சொல்ல முடியாது. தன்னால் முடியும் என்று ஹேமாவதி நினைத்தாள்.

மற்ற நாளில் யார் என்ன ஆக்கினாலும் அவள் கேட்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாவிட்டால் அவளுக்கே சோறு இறங்காது. ஆனால் மாசத்துக்கு ஒரு நாள், கிருத்திகைக்கு மட்டும், காம்பவுண்டுக்குள் கவிச்சி ஆகாது. மீறினால் மறுநாளே காலி பண்ணணும். அதைச் சொல்லித்தான் சாவியே கொடுப்பாள்.

முதல் கதவைத் தட்டினாள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த பிரேம்குமார் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். அவன் அடுப்பின்மேல் துவைக்காத சட்டை கிடந்தது. அடுத்தது நிர்மலா. எலுமிச்சை சாதத்தை மூடி திறந்தே காட்டிவிட்டாள். மற்ற கதவெல்லாம் பூட்டிக் கிடந்தது, எட்டாம் நம்பரைத் தவிர.

எட்டாம் நம்பரில் பர்ஹீன். ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில் வேலை, அன்றைக்கு லீவு. இந்த ஊரில் ஒன்பது வீட்டுக்காரர்கள் அவள் பேரைக் கேட்டதும், 'இப்பத்தாம்மா வேற ஆள் வந்துட்டாங்க' என்றார்கள். பத்தாவதாக ஹேமாவதிதான் இடம் கொடுத்தாள். கொடுத்ததை இதுவரை ஒரு நாற்பது பேரிடமாவது சொல்லியிருப்பாள்.

"இன்னாம்மா ஆக்கினே?"

"தயிர் சாதம் ஆன்ட்டி."

"பின்னே இந்த நாத்தம் எங்கேர்ந்து வருது?"

பர்ஹீன் வாயைத் திறந்தாள். அப்புறம் மூடிக்கொண்டாள். "நான் ஆக்கல ஆன்ட்டி" என்றாள் மெதுவாக.

"சரி, நீ ஆக்கல. வேற யார் ஆக்கினாங்க? அதைச் சொல்லு."

பர்ஹீன் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

ஹேமாவதிக்கு அது போதுமாக இருந்தது. ஊரே வேண்டாம் என்று ஒதுக்கினவளைக் கூப்பிட்டு வீடு கொடுத்ததை, நம்பினதுக்குக் கிடைத்த மரியாதையை, முருகனுக்குத் தான் என்ன பதில் சொல்வது என்பதை, எல்லாம் காம்பவுண்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். கடைசியாக, நாளைக்குச் சாயந்திரத்துக்குள் காலி பண்ணிவிட வேண்டும் என்றாள்.

"திடீர்னு சொன்னா எங்க போவேன் ஆன்ட்டி?" பர்ஹீனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அதைக் கருவாட்டைச் சட்டியில போடறப்போ யோசிச்சிருக்கணும்."

சொல்லிவிட்டுப் படியேறினாள். ஏற ஏற வாசம் குறையவில்லை. மேல் படிக்கு வந்தபோது சட்டியைப் பக்கத்தில் வைத்தது போல இருந்தது.

கூடத்தில் அவள் புருஷன் கிருஷ்ணன் பட்டை போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. சமையல்கட்டில், பிரசவத்துக்கு இன்னும் ஐந்து மாசம் இருக்கிற மகள் அபி தரையில் உட்கார்ந்து, கருவாட்டுக் குழம்பும் சோறும் பிசைந்து தின்றுகொண்டிருந்தாள்.

"கோச்சிக்காதம்மா" என்றாள் அபி. "தண்ணி குடிச்சாக்கூட வாந்தி. இது ஒண்ணுதான் உள்ள இறங்கும்னு தோணுச்சி. நைனாதான் வாங்கிக்கினு வந்து ஆக்கிக் குடுத்தாரு."

ஹேமாவதி மகள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியிருந்தது. பெத்த வயிறு குளிர்ந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தினாள். ஊதுபத்தி ரெண்டு கொளுத்திவைத்தாள்.

"முள்ளு பார்த்துத் தின்னு" என்று சொல்லி, இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அப்புறம்தான் கீழே ஒரு பெண் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாளே என்கிற ஞாபகம் வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் படியிறங்கினாள். பாதிப் படியில் பார்த்தால், பிரேம்குமார், நிர்மலா, எதிர்வீட்டு மணியம்மை என்று எல்லாரும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். இத்தனை பேர் எதிரில் எப்படி வாயைத் திறப்பது?

எட்டாம் நம்பர் வாசலில் போய் நின்று தொண்டையைச் செருமினாள்.

"வயசுப் பொண்ணு, ஒண்டியா இருக்கே. போனா போவுது, இந்த ஒரு தபா மன்னிச்சிட்டேன். காலியெல்லாம் பண்ண வேணாம். இனிமே இப்படிச் செய்யாதே."

பெரிய மனசு ஆன்ட்டிக்கு என்றான் பிரேம்குமார். வேற வீடாக இருந்தால் சாமானைத் தெருவில் எறிந்திருப்பார்கள் என்றாள் மணியம்மை. ஹேமாவதி தலையைக் குனிந்து அடக்கமாகக் கேட்டுக்கொண்டாள்.

எல்லாரும் உள்ளே போகும்வரை பர்ஹீன் காத்திருந்தாள். பிறகு கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அபி அக்கா சாப்பிட்டாங்களா ஆன்ட்டி? மூணு நாளா எதுவுமே தங்கலன்னு காலையில என்கிட்ட அழுதாங்க."