ஐந்தாம் ஸ்தலத்தில் ஜூட் சம்மாட்டி

சிலுவைப்பாதையின் ஐந்தாம் ஸ்தலத்துக்கு முன்னால் எல்லோரும் முழங்காலில் நின்றார்கள், றோசமேரியைத் தவிர.

அவள் நிற்க வேண்டும் என்பது பாதரின் ஏற்பாடு. படம் திறந்ததும் அவள் போய் ஜூட் சம்மாட்டியைக் கைகொடுத்து எழுப்பி, மன்னித்தேன் என்று சொல்ல வேண்டும். பெரிய வெள்ளிக்கிழமைக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது.

படம் இன்னும் ஊதாத் துணிக்குள் இருந்தது.

சிலுவைப்பாதைப் படங்களில் ஐந்தாவதைக் கறையான் தின்றுவிட்டது. புதுப்படத்துக்கு ஜூட் சம்மாட்டி முன்வந்தார். ஊரில் பாதிப் போட் அவருடையது. அவர் முன்வராமல் வேறு யார் வருவது.

ஐந்தாம் ஸ்தலம் என்றால் சீமோன். இயேசு பாரம் தாங்காமல் தள்ளாடியபோது சிலுவைக்குத் தோள் கொடுத்தவன். சம்மாட்டி கேட்டது ஒன்றே ஒன்றுதான். சீமோனுக்குத் தன்னுடைய முகம் வேண்டும்.

சிலாபத்திலிருந்து வந்த ஓவியன் சம்மதித்தான். மீசையை வைத்தான், தங்கச் சங்கிலியை விட்டுவிட்டான். சம்மாட்டி இரண்டு தரம் வந்து பார்த்து, தொந்தியைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

வேதாகமத்தில் சீமோனைச் சிப்பாய்கள் பிடித்து இழுத்துத்தான் சிலுவையைத் தூக்க வைத்தார்கள். சம்மாட்டியை ஒருவரும் இழுக்கவில்லை. இழுத்திருக்க வேண்டிய நாளிலும் இழுக்கவில்லை.

அது போன வருஷக் கச்சான் காற்றுக் காலம். றோசமேரியின் புருஷன் பிலேந்திரன் சம்மாட்டியின் போட்டில் தொழிலுக்குப் போனவன். திரும்பும்போது எஞ்சின் நின்றுவிட்டது. சம்மாட்டிக்குப் போன் எடுத்தான். நுரைச்சோலை மின்நிலையப் புகைபோக்கி கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். இந்தா வேறு போட் அனுப்புகிறேன் என்றார் சம்மாட்டி. பிலேந்திரன் அதை நம்பி, பெண்சாதிக்கும் போன் எடுத்து, சோற்றை மூடி வைக்கச் சொன்னான்.

போட் போகவில்லை. காற்று அப்படியாம். இன்னொரு எஞ்சினும் போனால் யார் பொறுப்பாம்.

விடிந்ததும், ஒருவரும் கேட்காமலே போய்த் தேடி, பிலேந்திரனின் உடம்பைக் கரைக்குக் கொண்டு வந்தவர் கற்பிட்டி ஹஸ்மி. அவரைச் சீமோனாக வரைய ஏலாது. அவர் பள்ளிவாசலுக்குப் போகிற மனிதர். சீமோனும் வெளியூரான்தான் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

இப்போது சம்மாட்டிக்குக் கோயில் சபைக்குத் தலைவராக வேண்டும். றோசமேரி வாய் திறக்காதவரை சனத்தின் முணுமுணுப்பு ஓயாது.

ஆகவே தவக்காலம் முழுவதும் பாதர் அவள் வீட்டுக்கு நடந்தார். அவளுடைய வேதனை அவருக்கு விளங்குகிறதாம். ஆண்டவரின் பாடுகளைப் படத்தில் உற்றுப் பார்த்தால் மன்னிக்கிற மனசு தானாக வருமாம். கலையின் வல்லமை அதுவாம். ஆணி அறைந்த வலியிலும் அவர் மன்னித்தாரே என்றார்.

"அவரும் நான் மன்னிக்கிறன் எண்டு சொல்லேல்லை பாதர்," என்றாள் றோசமேரி. "பிதாவே, நீர் மன்னியும் எண்டு மேல அனுப்பிவிட்டார்."

பாதர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

அவளுக்குத் தெரியும். மன்னித்தேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும், பிலேந்திரன் கடலால் செத்தவன் ஆகிவிடுவான். சம்மாட்டியால் செத்தவன் இல்லை. பிறகு ஊரில் அவனைப் பற்றி ஒருவரும் கதைக்க மாட்டார்கள்.

ஆனால் குருத்தோலை ஞாயிறு கழிந்து அவளாகவே வந்து, சரி, சொல்கிறேன் என்றாள். படத்துக்கு முன்னால், சனத்துக்கு முன்னால் சொல்கிறேன் என்றாள்.

பாதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கலை வென்றுவிட்டது.

கயிறு இழுபட்டது. துணி விழுந்தது. பாதர் புத்தகத்திலிருந்து கண் எடுக்காமல் செபத்தைச் சொல்லி, தீர்த்தம் தெளித்துப் படத்தை மந்திரித்தார்.

ஆமென் பின்வரிசைகளிலிருந்து மட்டும் வந்தது. முன்வரிசை படத்தைப் பார்த்துவிட்டது.

மற்றப் படங்களில் எல்லாம் இயேசு வெள்ளைக்காரர். தலை வாரி, எண்ணெய் வைத்து, புகைப்படம் பிடிக்க வந்தவர் மாதிரி இருப்பார். இதில் இருந்தவர் கறுப்பு. வெயிலில் வெடித்த உதடு. சவரம் காணாத தாடை. இடது புருவத்தில் தூண்டில் கிழித்த வடு.

முள்முடிக்கு அடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது பிலேந்திரன்.

அந்த முகத்தை ஓவியன் கடைசியாகத்தான் வரைந்தான். சம்மாட்டி வந்து பார்த்த நாட்களில் இயேசுவின் முகம் இருந்த இடம் வெறும் வெள்ளை. தன்னுடைய முகம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தவருக்கு அது கண்ணில் படவில்லை. பாடுபட்ட முகம் ஒன்று கிடைக்காமல் ஓவியன் புலம்பியபோது, கோயில் கூட்டிக்கொண்டிருந்த றோசமேரிதான் தன் போனில் இருந்த படத்தைக் காட்டினாள்.

இப்போது சுவரில், பிலேந்திரனின் தோளோடு தோள் உரச, சிலுவையைத் தாங்கிப் பிடித்து, அக்கறையாய் அவன் முகத்தையே பார்த்தபடி ஜூட் சம்மாட்டி. கீழே தங்க எழுத்தில் அவருடைய பெயர், அன்பளிப்பு என்று.

சம்மாட்டி முழங்காலில் இருந்தபடியே பாதரின் அங்கியைப் பிடித்தார். இயேசுவின் முகத்தை மட்டும் மாற்ற ஏலாதா என்று கேட்டது முன்வரிசைக்கும் கேட்டது. மந்திரித்த படத்தில் இனித் தூரிகை வைக்க ஏலாது என்றார் பாதர்.

றோசமேரி பக்கத்தில் வந்தாள். கொடுத்த வாக்கில் அவள் தப்பவில்லை.

"மன்னிச்சிட்டன், சம்மாட்டி," என்றாள். "இனி நீங்க அவரோடயே நில்லுங்க."

பாதர் ஆறாம் ஸ்தலத்தைத் தொடங்கினார். முழங்காலில் இருந்த சம்மாட்டியைச் சுற்றிக்கொண்டு சனம் போனது.