நாலு அரைக்கூடு

தூக்கணாங்குருவி இனத்தில் ஆண்தான் கூடு கட்ட வேண்டும். பெண் வந்து பார்த்து, பிடித்தால்தான் குடித்தனம்.

கிணற்றோர ஈச்சமரத்தில் ஒருவன் நான்காவது கூட்டையும் பாதியில் நிறுத்தியிருந்தான். முதல் கூட்டுக்குக் காற்று சரியில்லை. இரண்டாவதற்கு ஓலை சரியில்லை. மூன்றாவதை மைனாக்கள் கத்திக் கத்தியே கெடுத்துவிட்டன.

ஒருத்தி வந்து நான்காவதை அலகால் இழுத்துப் பார்த்தாள்.

"பிடிமானம் நல்லாத்தான் இருக்கு. எப்ப முடிப்பீங்க?"

"இந்தக் கரும்புத்தோகை நார் நிக்காதும்மா. நல்ல நார் கிடைக்கட்டும், மூணே நாள்ல முடிச்சிடுறேன்."

அவள் பறந்துபோனாள்.

பக்கத்து ஓலையில் கூடு கட்டிக்கொண்டிருந்தவன் வாயே திறக்கவில்லை. திறந்தால் அலகிலிருக்கும் நார் விழுந்துவிடும். வெயிலிலும் பின்னினான், தூறலிலும் பின்னினான். 'செக்குமாடு' என்று இவன் சிரித்துக்கொண்டான்.

மழை பிடித்துக்கொண்டது. அடியில்லாத கூட்டில் தொப்பலாக நனைந்தபடி இவன் பார்த்தான். தன்னுடைய மற்ற மூன்று கூடுகளையும் காணோம். பக்கத்துக் கூட்டுக்குள் அவள் முட்டைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"டேய், என் நாரையா உருவினே?"

"ஆமாண்ணே. சும்மாதானே தொங்குச்சு. நல்லா நிக்குது."

இவனுக்கு ஏனோ கோபம் வரவில்லை. பெரிய பாரம் இறங்கினதுபோல இருந்தது. மழை விட்டதும் மரம் மரமாகப் போய்ச் சொன்னான்:

"நாலு கூடு கட்டினவன் நான். ஒரு திருட்டுப்பய கெடுத்துட்டான்."

ஐந்து மழைக்காலம் போய்விட்டது. அந்தக் கதையை மட்டும் அவன் ஒருநாளும் பாதியில் விட்டதில்லை.